புது மீனுக்கு ஒரு மண்டலம்

தண்ணீருக்கு எடை உண்டு. குழாயில் வருகிறதா, வரவில்லையா என்பதை மட்டுமே கவனித்துப் பழகிய நகரவாசிகளுக்கு இது மறந்துவிடுகிறது. 6 அடி நீளமும் 3 அடி அகலமும் உள்ள ஒரு தொட்டியில் 2 அடி உயரத்துக்குத் தண்ணீர் நிரப்பினால் சுமார் 1,000 லிட்டர். அதாவது ஒரு டன். அது நிற்கும் இடத்தில் சதுர மீட்டருக்கு 600 கிலோ இறங்கும். நம் குடியிருப்புகளின் மாடித் தளங்களோ சதுர மீட்டருக்கு 200 கிலோ என்ற கணக்கில் கட்டப்படுகின்றன. ஆகவே, புனேயின் விஷ்ராந்த்வாடியில் உள்ள எங்கள் வீட்டுக்குள் மீன்களுக்காக ஒரு தொட்டி கட்டுவது என்று 2024 அக்டோபரில் முடிவானபோது, எந்த அறை என்பதில் விவாதத்துக்கு இடமிருக்கவில்லை. தரைத் தளத்தில் உபரியாக இருந்தது ஒரே அறை. அதில் என் மாமியாரின் தையல் மெஷின் இருந்தது.

"மெஷினை நகத்திக்கலாம் புள்ள. மீனை எதுக்கு உள்ள பூட்டி வெக்கணும்? அதான் வாசல்ல குளம் இருக்கே" என்றார் அத்தை.

குளம் இருக்கிறது. 8,000 லிட்டர் பிடிக்கும் சிமென்ட் குளம். அதில் ஒன்பது கோய் மீன்கள். ஜப்பானின் நீகாட்டா மலைப் பகுதி விவசாயிகள் சாப்பாட்டுக்காக வளர்த்த கெண்டைகளில், 19ஆம் நூற்றாண்டின் முற்பகுதியில் தற்செயலாகத் தோன்றிய நிறங்களைப் பொறுக்கி எடுத்து, தலைமுறை தலைமுறையாக இனம் சேர்த்து உருவாக்கிய மீன் இது. 1914இல் டோக்கியோவில் நடந்த கண்காட்சி ஒன்றில்தான் மலையை விட்டு இறங்கி நாட்டுக்கே அறிமுகமானது. நிஷிகிகோய் என்ற அதன் முழுப் பெயரைத் தமிழாக்கினால் 'சரிகைப் பட்டுக் கெண்டை' என்று வரும். பாண்டியன் கொடியில் இருந்த கயலும் கெண்டைதான் என்று அகராதிகள் சொல்வதால், தூரத்து உறவு என்று வைத்துக்கொள்ளலாம். என் கணவருக்கு இந்த மோகம் தொற்றிய இடம் சிங்ககட் சாலையில் உள்ள பு.ல. தேஷ்பாண்டே பூங்கா. ஒகயாமா நகரத்தின் கொராக்குவென் தோட்டத்தை மாதிரியாக வைத்து அமைத்தது. அங்கே ஓடையில் சிவப்பும் வெள்ளையுமாக மீன்கள் நீந்துவதைப் பார்த்துவிட்டு வந்தவர், இரண்டே வருடத்தில் எங்கள் வாசலைத் தோண்டிவிட்டார்.

அந்தக் குளத்தில் புதிதாக ஐந்து மீன்களைச் சேர்க்க வேண்டும். நேராக அதில் விடாமல் வீட்டுக்குள் தனித் தொட்டி கட்டியதற்குக் காரணம், திங்ரே நகரில் இருக்கும் எங்கள் நண்பர் ஒருவரின் குளம். 2023 பிப்ரவரியில் அவர் இரண்டு புது மீன்களை வாங்கி விட்டார். பார்க்கக் கொழுகொழுவென்றுதான் இருந்தன. பத்தாவது நாள் பழைய மீன்கள் மேல்மட்டத்துக்கு வந்து வாயைப் பிளந்தன. செவுள்களில் வெள்ளைத் திட்டு, குழி விழுந்த கண்கள். இரண்டு வாரத்தில் பதினான்கும் போயின. ஏழு வருடம் வளர்த்தவை. எது கொன்றது என்று அவர் பரிசோதித்துப் பார்க்கவில்லை. ஆனால் கோய் வளர்ப்பவர்கள் இந்த அறிகுறிகளைக் கண்டதும் முதலில் உச்சரிக்கும் பெயர் கோய் ஹெர்பிஸ் வைரஸ்.

1998இல் இஸ்ரேலிலும் அமெரிக்காவிலும் கூட்டம் கூட்டமாக மீன்கள் செத்தபோது வெளிச்சத்துக்கு வந்த வைரஸ் இது. 2003இல் ஜப்பானின் கசுமிகவுரா ஏரியில் நுழைந்து ஆயிரம் டன்னுக்கு மேல் வளர்ப்புக் கெண்டைகளை அழித்தது. மனிதர்களைத் தொடாது. மீன்களுக்கோ மருந்து கிடையாது. நுழைந்த குளத்தில் பத்தில் எட்டு மீன், சில சமயம் பத்துமே சாகும். பிழைத்த மீன் நோயின் அடையாளமே இல்லாமல் வைரஸைச் சுமந்துகொண்டு திரியலாம். இன்னொரு சூதும் உண்டு. தண்ணீரின் வெப்பம் ஏறத்தாழ 16 முதல் 28 டிகிரிக்குள் இருந்தால்தான் நோய் தலைகாட்டும். குளிர்ந்த தண்ணீரில் அது தூங்கும். புனேயின் டிசம்பர் குளிரில் வாங்கிய மீன், மார்ச் வெயிலில் குளத்தையே காலி செய்யலாம்.

இறால் விஷயத்தில் நாடு இந்தப் பாடத்தைப் படித்துவிட்டது. 1994-95இல் வெள்ளைப்புள்ளி நோய் வந்து கிழக்குக் கடற்கரைப் பண்ணைகள் நொடித்தன. பிறகு வன்னமை இறாலை வெளிநாட்டிலிருந்து தருவிக்க அனுமதித்தபோது, தாய் இறால்கள் சென்னை நீலாங்கரையில் 2009இல் தொடங்கிய மத்திய அரசின் தனிக்கூடத்தில் தங்கிச் சோதனை முடிந்த பிறகுதான் பொரிப்பகங்களுக்குப் போக முடியும் என்று விதி வந்தது. வீட்டு வாசல் குளத்துக்கு அரசு அதிகாரி வரமாட்டார். நீலாங்கரையை நாமேதான் கட்டிக்கொள்ள வேண்டும்.

கட்டினோம். இரும்புக் குழாய்ச் சட்டம், அதற்குள் 18 மில்லிமீட்டர் மரைன் பிளைவுட், அதன் மேல் குளங்களுக்கு விரிக்கும் கறுப்பு ஷீட். இரண்டடித் தண்ணீர் அந்த ஆறடிப் பலகையைச் சுமார் 340 கிலோ விசையோடு வெளியே தள்ளும் என்று என் கணவர் கணக்குப் போட்டுக் காட்டியதும், தச்சர் மறுபேச்சில்லாமல் நடுவில் ஒரு குறுக்குச் சட்டம் சேர்த்தார். வடிகட்டிக்கு 200 லிட்டர் நீல டிரம். உள்ளே ஃபோம் துண்டுகள், பிளாஸ்டிக் வளையங்கள். தண்ணீரைச் சுற்ற ஒரு மோட்டார், காற்றுக்கு ஒரு பம்ப், மின்சாரம் போனால் அந்தப் பம்புக்கு மட்டும் இன்வர்ட்டர். 300 வாட் ஹீட்டர் இரண்டு. கோய் பயந்தால் துள்ளும். புது இடத்தில் நிச்சயம் பயப்படும். அதனால் மேலே வலை. செலவைக் கூட்டிப் பார்த்தபோது ஐந்து மீன்களின் விலையைத் தாண்டியிருந்தது.

தொட்டி என்பது பெட்டியல்ல, அதில் வாழும் பாக்டீரியா என்பதுதான் இந்த வேலையில் நான் கற்ற முதல் விஷயம். மீன் செவுள் வழியாக அம்மோனியாவை வெளியேற்றுகிறது. அது விஷம். ஒரு வகை பாக்டீரியா அதை நைட்ரைட் ஆக்கும். அதுவும் விஷம். இன்னொரு வகை அதை அவ்வளவு தீங்கில்லாத நைட்ரேட் ஆக்கும். புது வடிகட்டியில் இந்தக் குடும்பங்கள் குடியேறி நிலைபெற நான்கு முதல் ஆறு வாரம் பிடிக்கும். எனவே தொட்டிக்கான ஃபோம் துண்டுகளை அக்டோபர் முதல் வாரத்திலேயே வாசல் குளத்தின் வடிகட்டிக்குள் போட்டு வைத்தோம். நவம்பரில் எடுத்து டிரம்மில் வைத்தபோது அவை பழுப்பேறி, மண்வாசனையோடு இருந்தன. மாநகராட்சித் தண்ணீரின் குளோரினைப் போக்க சோடியம் தயோசல்பேட். 1,000 லிட்டருக்கு 3 கிலோ கல் உப்பு. நன்னீர் மீனின் உடலுக்குள் தண்ணீர் ஓயாமல் ஊறிக்கொண்டே இருக்கிறது. அதை வெளியேற்றும் உழைப்பு, தண்ணீரில் கொஞ்சம் உப்பிருந்தால் குறையும். களைத்து வருபவனுக்கு நீர்மோரில் உப்புப் போட்டுக் கொடுப்பது மாதிரி என்று நினைத்துக்கொண்டேன்.

நவம்பர் 24 அன்று மீன்கள் வந்தன. சென்னை கொளத்தூர்ப் பக்கம் வளர்ந்தவை. ஆக்ஸிஜன் அடைத்த பாலிதீன் பைகளில் ரயிலேறி வந்தன. அத்தை பைகளையே பார்த்துக்கொண்டிருந்தார். தொட்டியில் விட்டதும் ஐந்தும் ஒரு மூலையில் ஒண்டிக்கொண்டு அசையாமல் நின்றன. "நானும் இப்பிடி ஒரு எடத்துல இருந்திருக்கேன்" என்றார்.

அத்தை பிறந்தது இலங்கையில், ஹட்டன் பக்கத்துத் தேயிலைத் தோட்டம் ஒன்றில். 1964ஆம் வருட சிறிமா-சாஸ்திரி ஒப்பந்தப்படி இந்தியாவுக்கு அனுப்பப்பட்ட லட்சக்கணக்கான மலையகத் தமிழர்களில் அவர் குடும்பமும் ஒன்று. 1972இல், 14 வயதில், தலைமன்னாரில் கப்பலேறி ராமேஸ்வரத்தில் இறங்கி மண்டபம் முகாமுக்கு வந்தார். அந்த இடத்துக்கு ஒரு முன்கதை உண்டு. 20ஆம் நூற்றாண்டின் முற்பகுதியில் தமிழ்நாட்டிலிருந்து தேயிலைத் தோட்டங்களுக்குப் போனவர்களை இலங்கை அரசு நிறுத்தி வைத்துப் பரிசோதித்ததும் அங்கேதான். காலராவும் அம்மையும் பிளேக்கும் தீவுக்குள் போய்விடக் கூடாது என்பதற்காக அமைத்த முகாம் அது. 1949 முதல் 1971 வரை மத்திய கடல் மீன்வள ஆராய்ச்சி நிலையத்தின் தலைமையகமும் மண்டபம் முகாமில்தான் இயங்கியது. 1983க்குப் பிறகு போருக்குத் தப்பி வந்த அகதிகளும் அங்கே வந்து சேர்ந்தார்கள்.

அத்தையின் தாத்தா அந்த முகாமைக் கடந்து தீவுக்குப் போனார். பேத்தி அதே முகாமைக் கடந்து திரும்பினாள். அங்கே பட்ட கஷ்டம் என்று அவர் பெரிதாக எதுவும் சொல்வதில்லை. காற்று, மணல், பெயர் கூப்பிடும் குரல். ஒன்றே ஒன்றை மட்டும் திரும்பத் திரும்பச் சொல்வார்: "எத்தன நாளுன்னு யாரும் சொல்லல."

மொழிபெயர்ப்பாளராகப் பிழைக்கும் எனக்கு இந்தச் சொல்லோடு ஒரு பழைய வழக்கு இருக்கிறது. ஏட்ரியாடிக் கடலோரத்து ரகூசா நகரம், இன்றைய டுப்ரோவ்னிக், 1377இல் பிளேக் கண்ட ஊர்களிலிருந்து வருபவர்கள் 30 நாள் வெளியே தங்கிவிட்டுத்தான் நுழையலாம் என்று சட்டம் போட்டது. பின்னால் அது 40 நாளாயிற்று. இத்தாலிய மொழியில் நாற்பதைக் குறிக்கும் குவாரண்டா என்ற சொல்லிலிருந்து வந்ததுதான் குவாரண்டைன். 2020 மார்ச்சில், மகாராஷ்டிரத்தின் முதல் கொரோனா நோயாளிகள் புனேயில் கண்டறியப்பட்ட வாரத்திலிருந்து, ஒரு நாளைக்கு எத்தனை முறை அந்தச் சொல்லைத் தமிழாக்கியிருப்பேன் என்று கணக்கில்லை. 'தனிமைப்படுத்துதல்' என்பதே நிலைத்தது. எனக்கு அது உறுத்திக்கொண்டே இருந்தது. மூலச் சொல்லில் இருப்பது நாள் கணக்கு. முடிவு தெரிந்த காத்திருப்பு. நம் சொல்லில் இருப்பதோ தனிமை மட்டும். ஊரை விட்டு ஒதுக்கி வைத்த பழக்கம் உள்ள சமூகத்தில் அந்தச் சொல் எங்கே போய் ஒட்டிக்கொள்ளும் என்று சொல்லத் தேவையில்லை. வெளிநாட்டிலிருந்து வந்தவர்களின் இடது கையில் இங்கே முத்திரை குத்தியபோது, மையைவிட அக்கம்பக்கத்தாரின் பார்வைதான் அழிய நாளானது.

நம்மிடம் வேறொரு வழக்கமும் இருந்தது. அம்மை போட்டிருக்கும் வீட்டு வாசலில் வேப்பிலை செருகுவார்கள். வெளியாள் உள்ளே வரமாட்டார், உள்ளிருப்பவர் வெளியே போகமாட்டார். அதுவும் குவாரண்டைன்தான். ஆனால் அந்த வீட்டில் நோயாளிக்குத்தான் முதல் மரியாதை. இளநீர், குளிர்ச்சியான சாப்பாடு, மெதுவான பேச்சு. மூன்றாம் தண்ணீர் ஊற்றும் நாள் வரைக்கும் கணக்கு இருக்கும். படுத்திருப்பவரிடம் அம்மனே வந்திருப்பதாக நம்பிக்கை. அந்த நம்பிக்கையில் மருத்துவம் எவ்வளவு என்று கேட்கலாம். ஆனால் ஒருவரைத் தள்ளி வைக்கும்போதே உயர்த்தியும் வைக்க முடியும் என்பதை அது அறிந்திருந்தது.

புனேவுக்கு இரண்டு விதமும் தெரியும். 1897 பிளேக்கின்போது ரேண்ட் என்ற அதிகாரியின் கீழ் பட்டாளத்தார் வீடு புகுந்து தேடினார்கள். நோய் இருக்கிறது என்று சந்தேகப்பட்டவர்களை முகாம்களுக்குக் கொண்டுபோனார்கள். நோயைவிட அந்தத் தேடுதலுக்கு ஊர் அதிகம் பயந்தது. ஜூன் 22 அன்று சாபேகர் சகோதரர்கள் ரேண்டைச் சுட்டார்கள். அதே வருடம், அதே பிளேக்கின்போது, ஊருக்கு வெளியே ஹடப்சரில் சாவித்ரிபாய் புலேயின் வளர்ப்பு மகன் யஷ்வந்த் நோயாளிகளுக்கு மருத்துவமனை நடத்தினார். அதுவும் ஒதுக்குப்புறம்தான், அதுவும் பிரித்து வைப்பதுதான். முண்ட்வா சேரியில் நோய் கண்ட ஒரு சிறுவனைச் சாவித்ரிபாய் தானே சுமந்துகொண்டு அங்கே போனார். அந்த நோய் அவருக்கும் தொற்றி மார்ச் 10 அன்று இறந்தார்.

எங்கள் தொட்டிக்குத் திரும்புகிறேன். குளத்துக்கு முதலில் தீனி, தொட்டிக்குப் பிறகு என்பது விதி. கைக்குக் கிருமி தெரியாது, வரிசை தெரியும். தொட்டிக்கான வாளி, வலை, குழாய், துண்டு எல்லாவற்றுக்கும் சிவப்புப் பெயிண்ட் அடையாளம். இதெல்லாம் குளத்து மீன்களைக் காப்பதற்கு என்றுதான் ஆரம்பத்தில் நினைத்திருந்தேன். பயணத்தில் நலிந்து வந்த மீனுக்கு எதிர்ப்புச் சக்தி குறைந்திருக்கும். நம் குளத்து மீன்கள் பழகிப்போய்ச் சட்டை செய்யாத கிருமி அதை வீழ்த்திவிடும். ஆக, வந்தவரிடமிருந்து இருப்பவரைக் காப்பது பாதி வேலை. இருப்பவரிடமிருந்து வந்தவரைக் காப்பது மீதி.

அத்தை தினசரிக் காலண்டர் ஒன்றைத் தொட்டிக்கு மேலே ஆணியடித்து மாட்டினார். நான்கு வாரம் தனியாக, பிறகு இரண்டு வாரம் ஒரு பழைய மீனோடு, ஆக 42 நாள் என்று என் கணவர் சொன்னார். "அது என்ன 42? ஒரு மண்டலமா வெச்சிக்க" என்று அத்தை 48ஆம் நாளில் வட்டம் போட்டார்.

ஒன்பதாம் நாள் ஒரு மீன் பக்கவாட்டில் சாய்ந்து சுவரில் உடம்பைத் தேய்த்தது. மறுநாள் மூன்று மீன்கள் தேய்த்தன. மீன் வைத்தியம் தெரிந்த கால்நடை மருத்துவர் ஒருவர் வந்து, மீனின் தோலில் இருந்த வழவழப்பைக் கொஞ்சம் வழித்து, என் மகளின் மைக்ராஸ்கோப்பில் வைத்தார். நூறு மடங்கு பெரிதாக்கிப் பார்த்ததில், பல் வைத்த சக்கரங்கள் போல வட்ட வட்டமாகச் சுழன்றன. டிரைக்கோடினா. உப்புக்கு அசையாததால் பெர்மாங்கனேட் கொடுத்தார். 1,000 லிட்டருக்கு 2 கிராம். வடிகட்டியின் பாக்டீரியா சாகாதிருக்க அதன் இணைப்பைத் துண்டித்துவிட்டு, ஊதாத் தண்ணீர் தேநீர் நிறமாகும் வரை நாங்கள் மாறி மாறிக் காவல் இருந்தோம்.

சக்கரங்கள் ஒழிந்தன. ஆனால் ஐந்தில் சிறியது, தலையில் ஒற்றைச் சிவப்புப் பொட்டுள்ள வெள்ளை மீன், தீனியைத் தொடுவதை நிறுத்தியது. 14ஆம் நாள் காலையில் செத்துக் கிடந்தது. மருத்துவர் அதன் செவுளைச் சோதனைக்கு அனுப்பினார். ஹெர்பிஸ் வைரஸ் என்று வந்துவிட்டால் மிச்ச நான்கையும் கொன்றுவிட்டுத் தொட்டியைப் பிளீச்சிங் பவுடரால் கழுவ வேண்டியதுதான். கோய் வளர்ப்பில் அதுவே வழி. "வந்துட்டா மத்ததுங்கள என்ன பண்ணுவீங்க?" என்று அத்தை கேட்டார். என் கணவர் பதில் சொல்லவில்லை. அவருக்கு அது பதிலாகவே இருந்தது. அறிக்கை வர ஒன்பது நாளானது. அந்த ஒன்பது நாளும் அவர் காலண்டரில் தாளைக் கிழித்தார், யாரிடமும் அதிகம் பேசவில்லை. வைரஸ் இல்லை என்று வந்தது. பயணக் களைப்பில் இருந்த குட்டியின் செவுளை ஒட்டுண்ணிகள் கெடுத்துவிட்டன என்றார் மருத்துவர்.

ஒரு மீனில் இல்லையென்றால் நான்கிலும் இல்லை என்று ஆகாது. நலமாகத் தெரியும் மீனும் வைரஸைச் சுமக்கலாம் என்பதால்தான் கடைசிக் கட்டம். புதியவர்களோடு நம் குளத்து மீன் ஒன்றை விட வேண்டும். 24 டிகிரித் தண்ணீரில் இரண்டு வாரத்துக்கு மேல் அது நன்றாக இருந்தால் சந்தேகம் பெரும்பாலும் தீர்ந்தது. அதைச் சாட்சி மீன் என்று தமிழாக்கி வைத்தேன். சாட்சி என்பது இடக்கரடக்கல்தான். தவறாகப் போனால் அது பலி.

என் கணவர் தேர்ந்தெடுத்தது சாம்பல் நிறச் சின்ன மீன். யாரும் தேடாத மீன். "வெல கம்மின்னா உசுரும் கம்மியா?" என்றார் அத்தை. பிறகு, யாரும் எதிர்பாராமல், "அனுப்பறதா இருந்தா செவலைய அனுப்பு" என்றார். செவலை நாலு வருடத்து மீன், ஒன்றரை அடி நீளம், அத்தையின் கையிலிருந்து தீனி வாங்கித் தின்னும் ஒரே மீன். ஏன் என்று கேட்டேன். "நம்ம புள்ள உள்ள இருந்தாத்தான் தொட்டிய ஒழுங்கா பாத்துக்குவோம்" என்றார்.

அவர் சொன்னது எங்களுக்கே பலித்தது. டிசம்பர் 22 அன்று செவலை உள்ளே போனது. அதற்கு முன் வாரத்துக்கு இரண்டு முறை நடந்த அம்மோனியா சோதனை தினசரியாயிற்று. தண்ணீர் மாற்றும் முறைக்காக யாரும் முணுமுணுக்கவில்லை. விடியற்காலை 12 டிகிரிக் குளிரில் ஹீட்டர் விளக்கு எரிகிறதா என்று பார்க்க என் மகள் தானாக எழுந்து போனாள். புதியவர்களுக்கு அதே தொட்டி, அதே தண்ணீர், அதே நான்கு பேரின் கவனிப்புதான் நான்கு வாரமாகக் கிடைத்தது. நாங்கள் அலட்சியம் காட்டவில்லை. ஆனாலும் செவலை வந்த பிறகு தொட்டி இன்னும் கொஞ்சம் நல்ல இடமாகிவிட்டது.

தனி இடம் என்பது குளத்தைவிட மேலான இடமாக இருக்க வேண்டும் என்றுதான் எனக்குத் தோன்றுகிறது. தண்ணீர் அதிகச் சுத்தம், தீனி அதிகக் கவனம், எத்தனை நாள் என்ற கணக்கு சுவரிலேயே. அப்படி இல்லாத தனி இடத்துக்கு முகாம், சிறை, ஒதுக்குப்புறம் என்று நம் மொழியில் பெயர்கள் ஏற்கெனவே இருக்கின்றன. அத்தைக்கு 14 வயதில் கிடைத்தது அதில் எது என்று நான் கேட்டதில்லை. நாங்கள் குடியிருக்கும் ஊரின் பெயரிலேயே விச்ராந்தி இருக்கிறது. ஆளந்தியிலிருந்து புனேவுக்கு வரும் ஞானேஸ்வரர் பல்லக்கு ஆண்டுதோறும் இந்த வழியாகத்தான் போகிறது. தூரத்திலிருந்து வருபவர்கள் கொஞ்சம் இளைப்பாறிவிட்டுப் போவது இந்தத் தெருக்களுக்குப் புதிதல்ல.

குளத்துத் தண்ணீர் ஜனவரியில் 17 டிகிரி. தொட்டியோ 24. ஆகவே 41ஆம் நாளிலிருந்து ஹீட்டரை நாளுக்கு ஒரு டிகிரி குறைத்துக்கொண்டே வந்தோம். ஜனவரி 10, பொங்கலுக்கு நான்கு நாள் முன்பு, அத்தையின் மண்டலம் முடிந்தது. செவலையை முதலில் விட்டோம். நான்கு புதியவர்களும் அதன் பின்னாலேயே போயின.

தொட்டியைப் பிளீச்சிங் பவுடர் போட்டுக் கழுவிக் காயவைத்தோம். ஆனால் பிரிக்கவில்லை. தையல் மெஷின் இன்னும் ஹாலில்தான் இருக்கிறது. திங்ரே நகர் நண்பர் மீண்டும் மீன் வளர்க்கப்போகிறார். வாங்கும் மீன்களை முதலில் இங்கே வைத்துக்கொள்ளலாமா என்று கேட்டு வந்தார். என் கணவர் என்னைப் பார்த்தார். நான் அத்தையைப் பார்த்தேன்.

"தேதிய சொல்லுங்க தம்பி, காலண்டர்ல எழுதணும்" என்றார் அத்தை.